காவலனைக் காக்குங் காவல்

காவல் என்னுஞ் சொல் தமிழில் மிகப் பழமையானது. பயிரைக் காத்தலும் ஊரைக் காத்தலும் நாவைக் காத்தலும் காவலே. தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் எமக்கு இச்சொல் நூல்களில் அடிக்கடி எதிர்ப்படுவதுண்டு. ஆயினும், இந்நாளில் அது நகத்தளவான சில்லு ஒன்றினுள்ளும் குடிபுகுந்துள்ளது என்பதைப் பௌதிக வகுப்பு நண்பர் ஒருவர் வாயிலாக அறிந்து வியப்புற்றோம். விடுதி முற்றத்தில் மாலைதோறும் அவர் விளக்கியவற்றையும், அவற்றால் எம் உள்ளத்துத் தோன்றியவற்றையும் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

இக்கால மோட்டார் வண்டியில் பிரேக், திசைதிருப்பி, காற்றுப்பை முதலியவற்றை ஆள்வன நுண்கணிப்பொறிகள். பாட்டரி தருவது ஏறத்தாழ 12 வோல்ட்டு. அக்கணிப்பொறிகள் வேண்டுவனவோ 5, 3.3, இன்னுங் குறைந்த வோல்ட்டுகள். மின்னழுத்தத்தை இவ்வாறு குறைத்து அளந்து வழங்குவதே மின்மேலாண்மைச் சில்லு. இது சோறிடுவதோடு அமைவதன்று. உண்பவன் அறிவு திரியாதிருக்கின்றானா என்பதையும் நோக்கிக்கொண்டேயிருக்கும். அந்நோக்குதற் பணிக்கு ஆங்கிலத்தார் இட்ட பெயர் 'வாட்ச்டாக்', அஃதாவது காவல் நாய்.

இந்நாயின் தொழில் எளிது. அதனுள் ஒரு கடிகை ஓயாது எண்ணிக்கொண்டிருக்கும். குறித்த சில மில்லி வினாடிகளுக்குள் கணிப்பொறி, "யான் விழித்திருக்கின்றேன்" என்று அடையாளம் அனுப்புதல் வேண்டும். அனுப்பின், எண்ணிக்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். அனுப்பாதொழியின், கணிப்பொறி மயங்கிற்று எனக் கொண்டு நாய் அதனை உலுக்கி எழுப்பும். இதுவே 'ரீசெட்' எனப்படும் மறுதொடக்கம். கருத்துப் புதிதன்று. 1969-ஆம் ஆண்டில் மனிதரைச் சந்திரனுக்குக் கொண்டு சென்ற அப்பல்லோக் கணிப்பொறியிலும், 'நைட் வாட்ச்மேன்' என்னும் பெயருடைய இத்தகைய சுற்று ஒன்று இருந்தது. இராக்காவலன் என்பதே அப்பெயரின் பொருள். 1997-இல் செவ்வாய்க் கோளில் இறங்கிய பாத்ஃபைண்டர், உரிய பணி உரிய காலத்தில் முடியாமையால் பன்முறை தானே மறுதொடக்கமுற்றது. பூமியிலிருந்த அறிஞர் காரணத்தை ஆராய்ந்து கண்டு, திருத்தத்தை அங்கிருந்தே அனுப்பினர்.

ஆயின், காவலனை ஏமாற்றுதல் கூடாதோ எனின், கூடும். கணிப்பொறியின் தலைமைப் பணி முற்றும் நின்றுவிட்ட பின்னரும், அதன் ஒரு மூலை மாத்திரம் பழக்கத்தால் அடையாளத்தை அனுப்பிக்கொண்டிருத்தல் உண்டு. வகுப்பில் உறங்கிக்கொண்டே "உள்ளேன் ஐயா" என்னும் மாணவனை யார்தான் அறியார்? இதனைத் தடுக்கப் பொறிவல்லார் பல வழிகளை வகுத்துள்ளனர். அடையாளம் தாழ்ந்து வருதல் மாத்திரமன்று, குறித்த சாளரத்திற்கு முன்னரே விரைந்து வருதலும் குற்றம் என விதித்தல் ஒன்று. ஒவ்வொரு முறையும் புதியதொரு வினாவை விடுத்து, கணக்கிட்டுப் பெற்ற விடையையே ஏற்றல் மற்றொன்று. கணிப்பொறியின் கடிகை பிழைபடினும் தான் பிழைபடாதவாறு, காவற் சில்லுக்குத் தனிக் கடிகை அமைத்தல் பிறிதொன்று.

எம் சிந்தையைப் பெரிதுங் கவர்ந்தது இதன்மேல் எழும் வினாவே. காவலனைக் காப்பவர் யாவர்? காவலன் வாயடைத்துக் கிடப்பினும் அமைதியே. தீங்கின்றி விழித்திருப்பினும் அமைதியே. இரண்டையும் பகுத்தறிவது எங்ஙனம்? இதற்கு விடையே தற்சோதனை. வண்டியின் சாவியைத் திருப்பியவுடன் அச்சில்லு, தன் மின்னழுத்த அளவைகட்குத் தானே பொய்யான குறையையும் மிகையையும் காட்டி, அவை கூவுகின்றனவா என்று பார்க்கும். கணிப்பொறியும் வேண்டுமென்றே தவறான விடையொன்றை அனுப்பி, காவல் நாய் அதனைப் பிழையெனக் குறித்துக்கொள்கின்றதா என்று தேர்தலுண்டு. இச்சோதனைகள் தேறிய பின்னரே வண்டியின் ஆட்சி அதன் கையில் ஒப்புவிக்கப்படும். மறுதொடக்கம் பலகால் நிகழினும், சோதனை தவறினும், சில்லு மேலும் முயலாது பாதுகாப்பு நிலையில் ஒதுங்கி நிற்கும். வண்டிகளின் மின்னமைப்புப் பாதுகாப்புக்கென 2011-இல் வெளியாகி 2018-இல் திருத்தப்பட்ட ஐ.எஸ்.ஓ. 26262 என்னும் உலகத் தரநூல், ஏ முதல் டி வரை நான்கு படிகளை வகுத்துள்ளது. உயிர்க்கு நேரும் இடர் பெரிதாகுந்தோறும் வேண்டப்படும் சோதனையும் கடுமையாகும்.

இவற்றைக் கேட்ட சின்னாட்களில், விடுமுறைக்கு எம் ஊர் சென்றிருந்தோம். எம் தங்கையுட்பட ஆறு சிறுவரைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வாடகை வண்டியில், ஓட்டுநரின் முன்னுள்ள பலகையில் கறுப்பு நாடாத் துண்டு ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. யாது என வினவினோம். "தம்பி, ஏ.பி.எஸ். விளக்கு அணையவே மாட்டேன் என்கின்றது. வண்டி ஓடுகின்றது, பிரேக்கும் பிடிக்கின்றது. கண்ணைக் கரிப்பானேன் என்று மூடிவிட்டேன்" என்றார் அவர்.

அவர் கூற்றில் பொய்யில்லை. தற்சோதனையில் பிழை கண்ட அவ்வமைப்பு, தான் விலகி நின்று, பழைய பிரேக்கை வழக்கம்போல் இயங்கவிட்டிருந்தது. விலகியதனைச் சொல்லவே விளக்கு எரிந்தது. "அண்ணாச்சி, இன்று பிரேக் பிடிப்பது மெய். மழைநாளிற் சட்டென மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமற் காப்பது இப்போது இல்லை. அதனைத்தான் விளக்குச் சொல்லுகின்றது" என்றோம். அவர் நெடுநேரம் வாளாவிருந்து, "பழுது பார்க்கப் பத்து நாள் வருமானம் போகுமே, தம்பி" என்றார். அஃதும் மெய்யே. நாடாவை ஒட்டியது அறியாமை அன்று, வறுமை. எம் தந்தையார் ஏனைப் பெற்றோரிடம் இதனைக் கூற, ஆறு வீட்டாரும் செலவைப் பகிர்ந்துகொண்டனர். சக்கரத்தருகே இருந்த உணரி ஒன்று மாற்றப்பட்டது. நாடா அகன்றது, விளக்கும் சாவி திருப்பியபின் சிறிது எரிந்து, தானே அணைந்தது.

காவல் நாயும் எல்லாம் அறிந்ததன்று. காலந்தவறாமற் பிழை செய்வானை அது முற்றும் கண்டுகொள்ளாது. ஆயினும், அதனிடம் நாம் கற்கத்தக்கது ஒன்றுண்டு. பணியில் இறங்குமுன் தன்னைத் தானே சோதித்து, தகுதியின்றேல் தகுதியின்மையை ஒளியாது கூறி விலகி நிற்கின்றது. அக்குரலைக் கேட்பதும் மூடுவதும் நம் கையில் உள்ளன. கேட்டபின் திருத்துதற்கு வேண்டிய பொருள் தனியொருவன் கையில் இல்லையேல், அதனை ஊரார் கூடித் தாங்குதலும் காவலின் பகுதியே என்பது எம் கருத்து.