காக்கையும் பனம்பழமும்

இந்த ஆண்டு வேதியியல் வகுப்பில் சேமிப்பு மின்கலம் பற்றிய பாடம் தொடங்கிய அன்று, பன்னிரண்டாம் வகுப்பு விடுதி மாணவியராகிய நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டோம். காரணம் அறியாத ஆசிரியை வியந்தார். அந்தப் பாடத்தை நாங்கள் இரண்டாண்டுகளுக்கு முன்பே வியர்வை சிந்திப் படித்துவிட்டோம் என்பதை அவர் எங்ஙனம் அறிவார்?

அன்று பத்தாம் வகுப்பு அரசுப் பொதுத்தேர்வில் கணிதத் தாள். தேர்வு மையம் விடுதியிலிருந்து 14 கிலோமீட்டர் தொலைவு. காலைத் திருப்பலி முடிந்து, சிற்றுண்டி அருந்தி, எட்டு மணிக்குப் பள்ளி வேனில் ஏறி அமர்ந்தோம். டிரைவர் அண்ணன் சாவியைத் திருப்பினார். "டக்" என்று ஓர் ஒலி, அவ்வளவே. மறுபடியும் திருப்பினார். மறுபடியும் "டக்". செல்ஃப் எடுக்கவில்லை.

"ராத்திரி முழுக்க உள்விளக்கு எரிந்திருக்கிறது, சிஸ்டர். காலை ஏழு மணிக்கு நான்தான் வந்து அணைத்தேன்" என்றார் அவர்.

முந்திய நாள் மாலை, வேனில் விட்டுவந்த ஜியாமெட்ரி பெட்டியைத் தேடிச் சென்றவள் எங்களுள் ஒருத்தி. எல்லார் பார்வையும் அவள்மேல் திரும்பியது. "உன்னால்தான்!" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்களும் சேர்ந்துகொண்டோம். அவள் விம்மி விம்மி அழுதாள். கணிதத் தேர்வுக்குப் போகிற பிள்ளையை அழவைத்தோமே என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு உறுத்துகிறது.

நல்லவேளையாக விடுதி வாசலிலிருந்து சாலைவரை சரிவான பாதை. பதினான்கு பேரும் இறங்கித் தள்ளினோம். சமையல்கார அக்காவும் கை கொடுத்தார். அண்ணன் இரண்டாவது கியரில் போட்டுக் கிளட்சை விட, வேன் ஒரு குலுங்கு குலுங்கிப் புறப்பட்டது. மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டே மையத்தில் இறங்கியபோது மணி 9.35. எல்லாரும் தேர்வு எழுதினோம். அவளும் வீங்கிய கண்களோடு எழுதினாள்.

மறுநாள் தேர்வு இல்லை. மெக்கானிக் வந்து பேட்டரியைக் கழற்றிச் சென்று, முழுவதும் சார்ஜ் ஏற்றி, மாலையில் கொண்டுவந்து மாட்டினார். நடந்ததைக் கேட்டவர் சிரித்தார். "காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், சிஸ்டர். பாப்பா மேலே பழி போடாதீங்க" என்று சொல்லிக் கணக்கும் போட்டுக் காட்டினார். உள்விளக்கு 5 வாட். பன்னிரண்டு மணி நேரம் எரிந்தாலும் அது குடிப்பது சுமார் 5 ஆம்பியர் மணி. எங்கள் பேட்டரியின் கொள்ளளவோ 80 ஆம்பியர் மணி. பதினாறில் ஒரு பங்கு குறைந்ததற்கே படுத்துவிட்டது என்றால், அது முன்பே நோயாளியாக இருந்தது என்றுதானே பொருள்?

சோதித்தும் காட்டினார். பேட்டரியின் ஆறு அறைகளில் ஐந்தில் ஹைட்ரோமீட்டர் 1.240 காட்டியது. ஆறாவதில் 1.150தான். முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் இருக்க வேண்டிய பேட்டரி 12.4 காட்டியது. அது பரவாயில்லை போலத் தோன்றியது. ஆனால் செல்ஃப் போட்டபோது 8 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தது. நல்ல பேட்டரி அந்த நேரத்தில் 9.6-க்குக் கீழ் இறங்கக்கூடாதாம். விளக்கு எரிய ஓர் ஆம்பியரும் வேண்டியதில்லை. எஞ்சினைச் சுழற்றவோ நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும். ஆகவே விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது என்பதை நம்பிப் பேட்டரி நலமாக உள்ளது என்று எண்ணலாகாது.

ஏன் அவ்வாறு நலிகிறது என்பதை இந்த ஆண்டுப் பாடத்தில் கற்றோம். 1859-இல் பிரான்சு நாட்டு அறிஞர் காஸ்டன் பிளான்டே கண்டுபிடித்த அதே முறைதான் இன்றும். கந்தக அமிலத்தில் காரீயத் தகடும் காரீய டை ஆக்சைடுத் தகடும் நிற்கின்றன. மின்சாரம் தரும்போது இரண்டின்மேலும் காரீய சல்பேட் படிகிறது. சார்ஜ் ஏறும்போது அது மறைகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் சிறிது மறையாமல் கெட்டிப்பட்டு நின்றுவிடுகிறது. தகடும் நாளடைவில் அரிக்கப்படுகிறது. வெப்பம் இந்த அழிவை விரைவுபடுத்துகிறது. அதனால்தான் பேட்டரியின் ஆயுள் மூன்று முதல் ஐந்து ஆண்டு என்பர். நம் ஊர் வெயிலில் மூன்றாண்டு முடிந்ததுமே ஆறு மாதத்திற்கொரு முறை சோதிப்பது நலம். எங்கள் வேனின் பேட்டரிக்கு வயது நான்கு!

அது முன்னறிவிப்பின்றியும் படுக்கவில்லை. ஒரு மாதமாகவே காலையில் எஞ்சின் முனகி முனகித்தான் கிளம்பியது. "வேனுக்குச் சளி பிடித்திருக்கிறது" என்று நாங்கள் கேலி செய்து சிரித்தோம். வண்டி நிற்கும்போது முன்விளக்கு மங்கியது. பேட்டரித் தண்ணீர் அடிக்கடி குறைந்தது. டெர்மினலில் வெண்பச்சைப் பொடி பூத்தது. இவற்றோடு, பெட்டி உப்பினாலும் அழுகிய முட்டை நாற்றம் வந்தாலும் உடனே கவனிக்க வேண்டுமாம். பேட்டரி அருகே தீக்குச்சி கிழிக்கவே கூடாது. அதிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வெடிக்கக் கூடியது.

புதிய பேட்டரி வந்தது. அதன் தலையில் மாதத்தையும் ஆண்டையும் அழியாத மையால் எழுதினார் மெக்கானிக். பழையதைக் கடைக்கே கொடுத்து அனுப்பினோம். காரீயம் குழந்தைகளுக்குக் கொடிய நஞ்சு. அதை மூலையில் போட்டு வைப்பது தவறு. பழைய பேட்டரிகளை முறையாகத் திரும்பப் பெற வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டு மத்திய அரசின் விதிகளும் கூறுகின்றன.

அன்று இரவுச் செபத்திற்குப் பின் விடுதித் தலைவி சிஸ்டர் எங்கள் முன் நின்றார். "டிரைவர் என்னிடம் இரண்டு முறை சொன்னார். தேர்வு முடியட்டும், செலவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டது நான். பிழை அந்தப் பிள்ளையுடையது அன்று; என்னுடையது" என்றார். எங்களுக்குப் பேச்சே எழவில்லை. ஒவ்வொருவராக எழுந்து சென்று எங்கள் தோழியிடம் மன்னிப்புக் கேட்டோம். அவள் மறுபடியும் அழுதாள். இம்முறை நாங்களும் அழுதோம்.

நற்செய்தியில் வரும் பத்துக் கன்னியருள் ஐவர், மணமகன் வரும் வேளையில்தான் எண்ணெய் தேடி ஓடினர். நாங்களும் அந்த ஐவரைப் போலவே இருந்தோம். இறைவன் அருளால் எங்களுக்குக் கதவு அடைபடவில்லை. அன்புள்ள தோழியரே, இன்று வீடு சென்றதும் அப்பாவிடம், "நம் வண்டியின் பேட்டரிக்கு வயது என்ன?" என்று கேளுங்கள். எப்போதேனும் பனம்பழம் விழுந்துவிட்டால், காக்கையைத் திட்டுவதற்கு முன் காம்பைப் பாருங்கள்.