ஃபுட்பாலும் எங்கப்பாவும்

"நம்மாளுங்களுக்கு உடம்பு பத்தாதுடா, அதான் இந்தியாவுல ஃபுட்பால் எடுபடலை"ன்னு நண்பன் ஒருத்தன் அடிச்சு விட்டான். எனக்குச் சுருக்குன்னுச்சு. எங்கப்பா ஸ்கூல் டீமில் சென்டர் ஃபார்வர்டு.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் ஆஸ்திரேலியாவை 4-2ன்னு சாத்தி நாலாவது இடம் பிடிச்சோம். நெவில் டிசோசா ஹாட்ரிக்! 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை 2-1ல் ஜெயிச்சு தங்கம். அப்போ மட்டும் உடம்பு எங்கேர்ந்து வந்துச்சாம்?

ஆனா அதைப் பார்த்தவங்க எத்தனை பேர்? வீட்டுல டிவியே கிடையாதே. 1982ல் கலர் டிவி வந்துச்சு, 1983ல் கபில்தேவ் கோப்பையைத் தூக்கினார். அப்புறம் தெருவுக்குத் தெரு கிரிக்கெட்தான். ஜெயிச்சதைக் கண்ணால பார்த்தாத்தான் மனசுல ஒட்டும்போல.

அப்பா ஆடினதை நானும் பார்த்ததில்லை. சின்ன வயசில் அவர்கிட்ட அடம்பிடிச்சு வாங்கினது, ஹ்ம்ம்... பேட்டுதான்.