பிதுக்கி எடுத்த கட்டி

காது மடலைத் தூக்கிவிடும் கட்டி என்றால் முதலில் பரோட்டிட் என்னும் உமிழ்நீர்ச் சுரப்பியை நினைக்க வேண்டும். மாணவனாக இருந்தபோதே மனப்பாடம் செய்த பாடம். 1993 டிசம்பரில் ஏற்காட்டில் என் கிளினிக்குக்கு வந்த அந்த அம்மாவுக்கு இடது காது மடல் தூக்கித்தான் இருந்தது. நெறி கட்டியிருக்கிறது என்று ஊரில் சொல்ல, இரண்டு வருடமாக மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டிருந்தார். வலி இல்லை. எலுமிச்சை அளவு.

காப்பிப் பழம் பறிக்கும் காலம். சேலத்துக்கு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறினால் கூலி போய்விடும். “கொழுப்புக் கட்டிதாம்மா, இங்கேயே எடுத்துடலாம்” என்றேன். இரக்கத்தால் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், நம்ம டாக்டரே எடுத்துட்டார் என்று எஸ்டேட் லைன் வீடுகளில் பேச வேண்டும் என்ற ஆசை.

மரப்பு ஊசி போட்டுத் தோலைக் கீறி, மொச்சைக்கொட்டையைப் பிதுக்குவதுபோல விரலால் பிதுக்கி எடுத்தேன். ஓரிடத்தில் உறை கிழிந்து ஜவ்வுபோல ஏதோ கசிந்தது. கொழுப்பு அப்படிக் கசியாது. துணியால் துடைத்தேன். கட்டியைப் பயாப்ஸிக்கு அனுப்பாமல் வாளியில் போட்டேன்.

முகத்தை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பிக்குள் புகுந்துதான் ஐந்து கிளையாகப் பிரிகிறது: நெற்றி, கண், கன்னம், கீழுதடு, கழுத்து. அங்கே அதிகம் வருவது பிளியோமார்பிக் அடினோமா. புற்றுநோய் இல்லை, ஆனால் உறையைத் தாண்டி மொட்டு விட்டிருக்கும். அதனால் முதலில் ஊசியால் உறிஞ்சிப் பார்க்க வேண்டும். பிறகு முழு மயக்கம் கொடுத்து, நரம்பைத் தேடிப் பிடித்து, அதன் கிளைகளைக் காப்பாற்றிக்கொண்டே சுற்றியுள்ள சுரப்பியோடு சேர்த்துக் கட்டியை எடுக்க வேண்டும். பிதுக்கினால் சிந்திய இடத்திலெல்லாம் வருடங்கள் கழித்து முளைக்கும். விட்டுவைத்தால் சிலருக்குப் புற்றாகவும் மாறும். எனக்கு அன்று நரம்பு தட்டுப்படவில்லை. அதிர்ஷ்டம். கைராசி என்றார்கள், மறுக்கவில்லை.

2005இல் திரும்பி வந்தார். தழும்புக்கு அடியில் மிளகுக் கொத்தாகக் கட்டிகள். இந்தத் தடவை சேலத்துக்கு அனுப்பினேன். அங்கிருந்த அறுவை மருத்துவர் போன் செய்தார்: “முதல் தடவை எடுத்த பயாப்ஸி ரிப்போர்ட் இருக்கா சார்?”

“தேடிப் பார்க்கிறேன்” என்றேன். தேட என்ன இருந்தது?

காலையில் தியேட்டருக்குள் கொண்டுபோனவரை மாலையில்தான் வெளியே கொண்டுவந்தார்கள். தழும்பு எது, நரம்பு எது என்று பிரிக்க முடியவில்லையாம். கண்ணுக்கான கிளை பிழைத்தது. கீழுதட்டுக் கிளை போய்விட்டது.

அடுத்த சீசனில் ஒரு பலாப்பழத்தோடு வந்தார். சிரித்தபோது இடப்பக்க உதடு கீழே இறங்காமல் அப்படியே நின்றது.

“அந்தக் கட்டியோட குணம் அப்படி டாக்டரய்யா, நீங்க என்ன பண்ணுவீங்க” என்றார்.

“ஆமாம்மா” என்றேன்.