நூறில் இரண்டு

பெருமாநல்லூர் பக்கம் பனியன் தொழில் செய்யும் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்க வந்தால் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இன்னொரு மெஷினுக்கு லோன் போடலாமுங்களா?" நான் அவர்களுக்குக் காவலூரைப் பற்றிச் சொல்வேன்.

வாணியம்பாடியை அடுத்த ஜவ்வாது மலையில் இருக்கிறது காவலூர் வானாய்வகம். அங்கே 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டது. அதற்காகப் பாடுபட்ட வைணு பாப்பு 1982இலேயே காலமாகிவிட்டார். அவர் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். இத்தகைய கருவிகள் திரட்டும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் ஹைட்ரஜனுக்கே உரிய கோடுகள் தெரியும். அவை சிவப்புப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று பார்த்து, குவாசர்கள் என்னும் தொலைதூர ஒளிமூலங்களின் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். 1963இல் மார்ட்டன் ஷ்மிட், 3சி 273 என்ற குவாசரில் அந்த நகர்வு ஏறத்தாழ 16 சதவீதம் என்று கண்டுபிடித்தார். பார்வைக்குச் சாதாரண நட்சத்திரம். அதன் ஒளியோ சுமார் 200 கோடி ஆண்டு பயணப்பட்டு வந்தது!

அவர் கையில் இருந்தது புகைப்படத் தகடு. விழும் ஒளித்துகளில் நூறுக்கு ஒன்றோ இரண்டோதான் அதில் பதியும். மிச்சமெல்லாம் வீண். 1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கிய சிசிடி என்ற சிலிக்கான் சில்லு, பின்னாளில் தேறி வந்தபோது நூறில் எண்பதைப் பிடித்தது. இரண்டு எண்பதானால் நாற்பது மடங்கு. அந்த ஆதாயத்தைக் கண்ணாடியைப் பெரிதாக்கியே அடைய வேண்டுமென்றால், காவலூர்க் கண்ணாடி 15 மீட்டர் அகலத்துக்கு வளர வேண்டும். உலகில் இன்று இயங்கும் மிகப் பெரிய ஒளிக் கண்ணாடிகளே 10 மீட்டரை ஒட்டித்தான் இருக்கின்றன.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் செக்கிங் டேபிளில் நிற்கும் பெண்களின் நினைவு வருகிறது. துணியில் ஊசிக்கோடு ஓடியிருப்பதை முதலில் பார்ப்பது அவர்கள்தான். பார்த்ததும் சொல்லியும் விடுகிறார்கள். எத்தனை முதலாளிகளின் காதில் அது ஏறுகிறது? பெட்டி கட்டி அனுப்பி, கடல் தாண்டிப் புகார் வந்த பிறகு கூட்டம் போடுகிறோம். வீட்டிலும் இதே நிலைதான். மகளின் முகம் ஒரு வாரமாக வாடியிருப்பது பக்கத்து வீட்டுக்குத் தெரிகிறது, பெற்றவனுக்குத் தெரியவில்லை. மனிதர்கள் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். நம்மிடம் பதிவது நூறில் இரண்டு.

லோனே வேண்டாம் என்று நான் யாரையும் தடுத்ததில்லை. "ஒரு மாசம் செக்கிங் டேபிள் பக்கத்துல சேர் போட்டு உக்காரு கண்ணு. அந்தப் புள்ளைங்க சொல்றதையெல்லாம் ஒரு நோட்டுல எழுது. அந்த நோட்டை எடுத்துக்கிட்டு வா, பேங்குக்கு நானும் கூட வர்றேன்" என்பேன்.