90 விநாடிப் பேயும் ஒரு திதியும்

'டாக் டு மீ' என்ற ஆஸ்திரேலியப் படத்தில் பாழடைந்த பங்களா கிடையாது. வெள்ளைப் புடவை, மல்லிகைப்பூ வாசனை, நடுராத்திரியில் கிறீச்சிடும் கதவு, எதுவும் கிடையாது. சாதாரண வீட்டு ஹால். பத்துப் பதினைந்து பசங்க, ஆளுக்கொரு செல்போன். டேபிள் மேல் மெழுகுவர்த்தி, பக்கத்தில் பீங்கான் பூசிய ஒரு கை. அவ்வளவுதான் செட் பிராப்பர்ட்டி.

ஆட்டத்தின் விதி ரொம்ப எளிது. மெழுகுவர்த்தியை ஏற்ற வேண்டும், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு "என்னிடம் பேசு" என்று சொல்ல வேண்டும். எதிரே செத்துப்போன யாரோ ஒருவர் வந்து உட்காருவார். "உள்ளே வா" என்றால் உடம்புக்குள் இறங்கிவிடுவார். 90 விநாடிக்குள் கையை விடுவித்து மெழுகுவர்த்தியை அணைத்துவிட வேண்டும். தாண்டினால் வந்தவர் போகமாட்டார். சுற்றி நிற்கும் கூட்டம் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே வீடியோ எடுக்கும்.

எடுத்தவர்கள் அடிலெய்டைச் சேர்ந்த இரட்டையர், டானி, மைக்கேல் பிலிப்பூ. 'ராக்காராக்கா' என்று யூட்யூப் சேனல் நடத்தியவர்கள். இது முதல் படம். 2022 அக்டோபரில் அடிலெய்டு விழாவில் காட்டினார்கள், 2023ல் உலகமெங்கும் வந்தது. சுமார் 45 லட்சம் டாலர் செலவு, 9 கோடி டாலருக்கு மேல் வசூல். (பி.காம் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.) கதைக்கு விதை போட்டது ஒரு நிஜ சம்பவம் என்று டானி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் போதை மருந்து சாப்பிட்டுத் தரையில் துடித்துக்கொண்டிருக்க, கூட இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே படம் எடுத்தார்களாம். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் பேயைவிட அந்த செல்போன்கள்தான் பயமுறுத்தும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் இதை 'பியர் பிரஷர்' படம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். பாதிதான் சரி. கதாநாயகி மியாவை யாரும் பிடித்துத் தள்ளவில்லை. "யார் உட்காரப் போறீங்க?" என்றதும் தானாகவே முன்னால் வருகிறாள். அன்று அவள் அம்மா இறந்து இரண்டாவது வருடம் முடிகிற நாள். தூக்க மாத்திரை. தெரியாமல் அதிகம் போட்டுக்கொண்டாளா, தெரிந்தே போட்டுக்கொண்டாளா? அப்பாவும் மகளும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ஆனால் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. தோழி ஜேட் வீடுதான் அவளுக்கு வீடு மாதிரி. ஜேடின் தம்பி ரைலி அவளுக்கும் தம்பி மாதிரி. மற்ற கூட்டத்துக்கு அவள் ஒட்டுப்புல். எப்படியாவது அந்த வட்டத்துக்குள் ஓர் இடம் வேண்டும் என்று அந்த நாளில், அந்த நிலையில் இருக்கும் ஒருத்திக்குச் சவால்விட வேண்டிய அவசியமே இல்லை.

ஆரணியில் நெசவாளர் தெருவில் ஒரு வீட்டில் தாய் தவறிப்போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்திலிருந்து சாப்பாடு வரும். பதினாறாம் நாள் காரியம், வருடத் திதி என்று சொந்தம் கூடும், காக்கைக்குச் சோறு வைக்கும். அழுகிறவளைப் பார்த்து "இன்னும் அழுவற?" என்று ஒரு கிழவி திட்டவும் செய்யும். தொல்லைதான். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டுப் பிள்ளையைத் தனியாக விடமாட்டார்கள். மியாவுக்கு அப்படி ஒரு கிழவி இல்லை.

ஆவி இறங்குவது நம்ம பக்கத்துக்குப் புதுசும் இல்லை. மாசி மாதம் சிவராத்திரிக்கு அடுத்து வரும் அமாவாசையில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் மயானக் கொள்ளை. சுடுகாட்டுக்கே சாமி போகும், கூட்டத்தில் பலருக்கு அருள் வரும். நம்புகிறோமா இல்லையா என்பது வேறு. அங்கே ஆடுகிறவளைத் தாங்கிப் பிடிக்க நாலு பேர், விபூதி போட ஒருவர், "யார் வந்திருக்கறது?" என்று கேட்டு வழியனுப்ப ஒரு பூசாரி இருப்பார்கள். பொறுப்பு என்று ஒன்று இருக்கும். படத்தில் அந்தப் பொறுப்பு ஸ்டாப்வாட்ச் கையில்.

தமிழில் இதற்குப் பக்கத்தில் வருவது 'டிமான்ட்டி காலனி'. 2015ல் வந்த முதல் பாகம் நண்பர்கள் கதை. சும்மா ஒரு த்ரில்லுக்காகப் பேய் பங்களாவுக்குப் போகிற நாலு பேர். 'வேண்டாம்டா' என்கிறவனும் சேர்ந்துதான் போவான். 2024ல் வந்த இரண்டாம் பாகத்தில் கணவன் தற்கொலை செய்துகொண்ட காரணம் தெரியாமல் தவிக்கிற பெண்ணாக பிரியா பவானி சங்கர். மியாவின் அதே கேள்வி, 'ஏன்?'. ஆனால் அஜய் ஞானமுத்து சீக்கிரமே சாபம், புதிர் என்று ஓட ஆரம்பித்துவிடுகிறார். அந்தப் பெண்ணின் துக்கம் இடைவேளைக்கு முன்பே எங்கோ தொலைந்துபோகிறது. விறுவிறுப்பு இருக்கிறது, வலி இல்லை.

'டாக் டு மீ'யில் வலி உச்சத்துக்குப் போவது ரைலி உட்காரும் இடம். சின்னப் பையன், அக்கா கூடாது என்கிறாள். மியாதான் "50 விநாடி மட்டும்" என்று விடுகிறாள். அவன் வாயிலிருந்து வருவது மியாவின் அம்மா. விநாடிகள் ஓடுகின்றன. நிறுத்தச் சொல்கிறார்கள். மியா நிறுத்தவிடவில்லை. அப்புறம் அந்தப் பையனுக்கு நடப்பதை எழுதாமல் விடுவது நல்லது.

ஆரணிப் பையன்கள் நாலைந்து பேர் ஒரு லேப்டாப்பில் இதைப் பார்த்தார்கள். அந்தக் காட்சியில் ஒருவன் கத்தினான், "டைம் தாண்டிடுச்சிடா, லூசு மாதிரி வுட்டுட்டா பாரு!" மூலையில் இருந்தவன் மெதுவாகச் சொன்னான், "அம்மா பேசறாங்கடா.. எப்படிடா நிறுத்துவா?"

யாரோ சத்தத்தைக் குறைத்தார்கள். "உங்கம்மா போயி எவ்ளோ நாள் ஆவுது?" "பங்குனி வந்தா ரெண்டு வருஷம்." அவன் வீட்டில் பட்டுத்தறி. அம்மா இருந்தவரை ராட்டையில் தார் சுற்றிக் கொடுத்தது அம்மா. இப்போது அப்பாவே சுற்றிக்கொண்டு அப்பாவே நெய்கிறார், ஒரு சேலைக்குக் கூடுதல் நாள் பிடிக்கிறது, வீட்டில் தறிச் சத்தம் தவிர வேறு பேச்சில்லை. மூன்று வருடம் ஒரே வகுப்பு, இதை அதுவரை யாரும் கேட்டதில்லை. பேயாவது கேட்க வைத்ததே!

படத்தில் மியாவின் அப்பா கடைசியில் ஒரு கடிதத்தை எடுத்து வாசிக்கிறார். அம்மா எழுதிவைத்தது. அதில் இருப்பது மியாவுக்கு வேண்டாத பதில். ஆவியாக வருகிற அம்மா சொல்வதோ வேண்டிய பதில், 'நான் உன்னை விட்டுப் போகவே நினைக்கவில்லை'. செத்தவள் இனிக்க இனிக்கப் பேசுகிறாள், உயிரோடிருக்கும் அப்பா திக்கித் திக்கி உண்மையைச் சொல்கிறார். மியா யாரை நம்பினாள் என்பதைப் படத்தில் பாருங்கள். ஆரம்பத்தில் ரோட்டில் அடிபட்டுக் கிடக்கும் கங்காருவையும் கவனியுங்கள்.

அதே இரட்டையர் 2025ல் 'பிரிங் ஹெர் பேக்' என்று இன்னொன்று எடுத்தார்கள். அதில் மகளை இழந்த அம்மா. இதைவிடக் கொடூரம், அதற்குத் தனிப் பதிவு வேண்டும்.