நடுப்பருவ மாற்றல்

'மாற்றல்' என்னும் சொல்லை நம் சங்கத்து அன்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம்மிற் பலர் அச்சொல்லின் கைப்பிடித்தே தலைநகர் வந்து சேர்ந்தவர்கள். ஆனால் விளையாட்டுக்காரருக்கும் மாற்றல் உண்டு, அதுவும் பருவத்தின் நடுவிலேயே உண்டு என்பதை, 2015ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நியூஜெர்ஸியில் என் மகன் இல்லத்தில் தங்கியிருந்தபோதுதான் அறிந்தேன்.

பேஸ்பால் ஆட்டத்தின்மேல் அமெரிக்கர் கொண்ட பற்று, கிரிக்கெட்டின்மேல் நம்மவர் கொண்ட பற்றுக்கு இளைத்ததன்று. முப்பது குழுக்கள், குழு ஒன்றுக்குப் பருவத்தில் 162 ஆட்டங்கள். பாதிப் பருவம் கடந்ததும் ஒவ்வொரு குழுவும் கணக்குப் பார்க்கிறது. வெற்றி வாய்ப்புள்ள குழு, தன் குறையை நிரப்பத் தேர்ந்த ஆட்டக்காரரை நாடுகிறது. வாய்ப்பிழந்த குழுவோ, அத்தகையோரைக் கொடுத்து, வருங்காலத்துக்கு உதவும் இளைஞரைப் பெற்றுக்கொள்கிறது. அவ்வாண்டு இப்பண்டமாற்றுக்குக் கடைசி நாள் ஜூலை 31. மாற்றப்படுகிறவரின் சம்மதத்தைப் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. பத்தாண்டுகள் ஆடி, அவற்றுள் கடைசி ஐந்தாண்டும் ஒரே குழுவில் இருந்தவர் மறுக்கலாம். ஒப்பந்தத்தில் அவ்வுரிமையை எழுதி வாங்கியவரும் மறுக்கலாம். மற்றவர்கள் மூட்டை கட்டவேண்டியதுதான்.

என் மகன் நியூயார்க் மெட்ஸ் குழுவின் அபிமானி. அவ்வாண்டு அக்குழுவில் பந்தெறிவோர் வல்லவர்; மட்டை பிடிப்போர் மெலிந்தவர். "யாரைக் கொடுத்தேனும் நன்றாக அடிக்கும் ஒருவரை வாங்கவேண்டும், அப்பா" என்பான். இரவு உணவின்போதும் அதே கணக்குதான்.

ஜூலை 29 இரவு, தொலைக்காட்சியில் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மில்வாக்கி குழுவின் கார்லோஸ் கோமஸ் வருகிறார் என்றும், ஈடாக வில்மர் புளோரஸும் ஜாக் வீலரும் போகிறார்கள் என்றும் செய்தி பரவியது. மகன் மகிழ்ச்சியால் கைதட்டினான். ஆனால் புளோரஸோ அந்நேரம் களத்தில் ஆடிக்கொண்டிருந்தார்! வெனிசுலா நாட்டிலிருந்து பதினாறாம் வயதில் அக்குழுவிற் சேர்ந்தவர். அப்போது வயது 23. தமக்கு மாற்றல் என்பதை மேலதிகாரி சொல்லி அவர் அறியவில்லை. கூடியிருந்த மக்கள் வாயிலாக அறிந்தார். கண்களைத் துடைத்துக்கொண்டே தம் இடத்தில் நின்றார்.

மகனின் கை ஓய்ந்தது. நெடுநேரம் பேசாதிருந்தவன், "1985 டிசம்பரில் நாம் திருச்சியை விட்டுக் கிளம்பினோமே, அதை நான் எப்படி அறிந்தேன் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. "என் வகுப்பாசிரியர் சொன்னார், அப்பா. 'உன் மாற்றுச் சான்றிதழ் ஆயத்தமாக இருக்கிறது' என்றார். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது."

அரையாண்டுத் தேர்வு கெட்டுவிடுமே என்று அவனிடம் சொல்லாதிருந்தேன். தேர்வு முடிந்தபின் சாமான் கட்டும் அவசரத்தில் மறந்தேன். அந்த மாற்றலின் துன்பத்தைச் சுமந்தவன் நான் ஒருவனே என்று முப்பதாண்டுகள் எண்ணியிருந்தேன். அவனிடம் மன்னிப்புக் கேட்க நா எழவில்லை. "சொல்லியிருக்க வேண்டும்" என்று மட்டும் கூறினேன்.

அப்போது அவனுக்கே டெக்ஸாஸ் மாநிலத்துக்குக் குடிபெயரும் வேலை ஒன்று வந்திருந்தது. பதினோரு வயதுப் பேத்திக்கு அது தெரியாது. மறுநாட் காலை அவளை அருகழைத்து எல்லாவற்றையும் கூறினான். அவள் அழுதாள். சற்று நேரங்கழித்து, "புது வீட்டிலும் தாத்தா வந்து தங்குவாரா?" என்று கேட்டாள்.

கோமஸ் பற்றிய பேச்சு முறிந்துபோயிற்று. ஜூலை 31 அன்று, கெடு முடியும் தறுவாயில், டெட்ராய்ட் குழுவிலிருந்து யோயனிஸ் செஸ்பெடஸ் வந்தார். ஈடாகச் சென்ற இரு இளம் பந்தெறிவோருள் மைக்கேல் புல்மர் ஒருவர். அன்றிரவு ஆட்டம் பன்னிரண்டாம் இன்னிங்ஸ் வரை நீண்டது. புளோரஸ் ஒரே அடியில் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பி ஆட்டத்தை முடித்து, மார்பில் எழுதியிருந்த குழுவின் பெயரைப் பற்றிக்கொண்டே ஓடி வந்தார். நாங்கள் மூவரும் எழுந்து நின்று ஆரவாரித்தோம்.

மாற்றலே தீது என்று நான் கூறவரவில்லை. செஸ்பெடஸ் 57 ஆட்டங்களில் 17 முறை பந்தை வேலி கடத்தினார். மெட்ஸ் தன் பிரிவின் பட்டத்தை வென்றது. புல்மர் மறு ஆண்டே தம் பிரிவின் சிறந்த புதுமுகம் எனப் பரிசு பெற்றார். இரு குழுக்களும் பயன் பெற்றன. திருச்சியை விட்டு வந்ததால் எங்கள் குடும்பமும் தாழ்ந்துவிடவில்லை. புளோரஸையும் 2018ஆம் ஆண்டு இறுதியில் அக்குழு விடுவித்துவிட்டது, உலகியல் அதுதான்.

ஆயினும், ஒருவர் வாழ்வை மாற்றும் செய்தியை அவர் பிறர் வாயிலாகக் கேட்கலாகாது. மாற்றல் உத்தரவு கைக்கு வரும் அன்பர்கள், அன்றிரவே வீட்டிலுள்ள சிறுவரையும் அருகில் அமர்த்திச் சொல்லிவிடுங்கள். தேர்வு கெட்டாலும் கெடட்டும்.