பில் இல்லாத புகை

முழங்கால் வலி இப்போது தேவலை, விசாரித்த எல்லாருக்கும் நன்றி. இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கடைசியில் உங்களிடம் ஒரு உதவி கேட்டிருக்கிறேன், அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். 2002ல் என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவள், இப்போது நகராட்சியில் பொறியாளர். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கையில் ஒரு தடித்த நோட்டு.

"என்னம்மா, இன்னும் வீட்டுப்பாடமா?" என்றேன்.

"ஆமா டீச்சர். நகராட்சி தன் சொந்த வேலைக்காக எவ்வளவு கரியமில வாயு விடுதுன்னு கணக்கு எடுக்கிறோம்."

எனக்குப் புரியவில்லை. ஊரில் ஓடும் பஸ், பைக், ஆலை எல்லாவற்றையும் எப்படி அளக்க முடியும் என்று கேட்டேன். அது வேறு கணக்காம். சென்னைக்கு 2023ல் வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டம் போன்றவை முழு நகரத்துக்கும் போடுவது. இவள் போடுவது நகராட்சியின் குடும்பக் கணக்கு மட்டும். தெருவிளக்கு, தண்ணீர் ஏற்றும் மோட்டார், அலுவலகம், பள்ளிக்கூடம், லாரி, குப்பைக் கிடங்கு. இதற்கென்றே 2008ல் கலிபோர்னியாவில் உள்ளாட்சிகளுக்காக ஒரு வழிமுறை எழுதி, 2010ல் திருத்தியும் வெளியிட்டார்களாம். அதைப் பார்த்துத்தான் அவள் நோட்டில் மூன்று பத்தி பிரித்திருந்தாள்.

முதல் பத்தி, நாமே எரிப்பது: லாரி டீசல், ஜெனரேட்டர். இரண்டாவது, நாம் வாங்கும் கரண்ட். புகை எங்கோ ஒரு அனல் மின் நிலையத்தில் வருகிறது, ஆனால் சுவிட்ச் போட்டது நாம். மூன்றாவது, நமக்காக மற்றவர்கள் எரிப்பது: ஒப்பந்தக்காரர் லாரி, ஊழியர்கள் வேலைக்கு வரும் வண்டி.

கணக்கு டீச்சருக்குக் கை சும்மா இருக்குமா? ஒரு தெருவிளக்கை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பழைய 250 வாட் சோடியம் விளக்கு, ஒரு இரவுக்கு 12 மணி நேரம், 3 யூனிட். நம் நாட்டில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு. அப்படியானால் இரவுக்கு 2.1 கிலோ, வருஷத்துக்கு 766 கிலோ. அதே இடத்தில் 100 வாட் எல்.இ.டி. போட்டால் சுமார் 307 கிலோ. டீசல் லிட்டருக்கு 2.7 கிலோ. ஆறாம் வகுப்புப் பெருக்கல்தான்.

ஆனால் மீட்டரும் பில்லும் இல்லாத இடத்தில்தான் சிக்கல். கிடங்கில் குவிந்த காய்கறிக் கழிவு, காற்றுப் புகாமல் அடியில் அழுகினால் மீத்தேன் வரும். நூறு வருஷக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். இன்று கொட்டியது பல வருஷம் விட்டுக்கொண்டே இருக்கும். எடை மேடைச் சீட்டை வைத்து உத்தேசமாகத்தான் போட முடியும்.

இன்னொன்றும் சொன்னாள். குப்பை அள்ளுவதை ஒப்பந்தத்துக்கு விட்டதும், லாரி டீசல் முதல் பத்தியிலிருந்து மூன்றாவதுக்குப் போய்விட்டது. மூன்றாவது பத்தி கட்டாயம் இல்லை, விட்டுவிடு, நமக்குக் குறைத்துக் காட்டலாம் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்களாம்.

"நான் தனி வரியா எழுதி வச்சிருக்கேன் டீச்சர். லாரி அதே தெருவுலதானே ஓடுது?"

எனக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம்தான் அவள் வந்த விஷயத்தைக் கேட்டாள்.

"ஸ்கூல்ல குப்பை எரிக்கிறதுக்குக் கணக்கு கிடைக்கல. கேட்டா எல்லா எச்.எம்மும் எரிக்கிறதே இல்லைங்கிறாங்க. நம்ம ஸ்கூல்ல தினமும் எவ்வளவு எரிப்போம்?"

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். 2016 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பை எரிப்பதை நாடு முழுக்கத் தடை செய்தது. நான் ஓய்வு பெற்றது அதே வருஷம் மே மாதம். அதனால் அந்தத் தடையிலிருந்து நான் தப்பித்தேன். ஆனால் தினமும் காலையில் வேப்பிலை, கிழிந்த தாள், மிட்டாய் கவர், பால் கவர் எல்லாம் சேர்த்துப் பின்பக்கச் சுவரோரம் கொளுத்தச் சொன்னது நான்தான். ஆயாம்மா ஒருநாள் மறந்தால் சத்தம் போட்டதும் நான்தான். "மூணு கூடை இருக்கும்மா," என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள். இலையும் தாளும் எரிந்து வரும் கரியமில வாயுவைத் தனியாகக் குறிப்பார்களாம், மரம் காற்றிலிருந்து எடுத்ததுதானே என்று. பிளாஸ்டிக்கில் வருவதுதான் மொத்தத்தில் சேரும், கூடவே கொஞ்சம் மீத்தேன். "மொத்தத்துல இது ரொம்பச் சின்னது டீச்சர்."

பிறகு நோட்டை மூடிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு அப்ப இழுப்பு இருந்துச்சு. ஜன்னலோர பெஞ்ச். முதல் பீரியடு முழுக்க இருமுவேன். நீங்க தண்ணி குடிச்சிட்டு வரச் சொல்வீங்க."

குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. இருமல் காதில் விழுந்தது, தண்ணீரும் குடிக்கச் சொன்னேன், ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தோன்றவில்லை. அவள் நோட்டில் அந்தப் புகை ஒரு சின்ன எண். அந்த இருமலுக்கு அதில் பத்தியே இல்லை.

அந்த ஜன்னலோரம் உட்கார்ந்த எல்லாப் பிள்ளைகளிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

இனி உதவி. உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், சிலர் தலைமை ஆசிரியர்கள். யாராவது இப்படிக் கணக்குக் கேட்டு வந்தால், எரிப்பதே இல்லை என்று சொல்லாதீர்கள். எத்தனை கூடை என்று உள்ளதைச் சொல்லுங்கள். சொன்ன கையோடு நாளைக் காலை தீக்குச்சியை நிறுத்துங்கள். இலைக்கு மூலையில் ஒரு குழி போதும், கவரைத் தனியே கட்டி வையுங்கள்.

ஜன்னலோரம் இருமியவர்கள் யாராவது இதைப் படித்தால், எனக்கு ஒரு போன் பண்ணுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்